ஷூவை அடிவாரத்தில் விட்டுவிட்டு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் முதுகில் பெரிய பையோடு தனியாக நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் விசாரித்துவிடுவார்கள். எங்க போற, யாரோட போற, வீட்டுக்காரர் வரலியா. ஒசாகாவில் அதே பையோடு பதினோரு நாள் சுற்றினேன். ஒரு ஈ காக்கா கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் சொர்க்கமாக இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சண்டையில் முடிகிற ஆள் நான். அந்த ஊரில் சண்டை போட ஆளே கிடைக்கவில்லை.

எனக்கு முப்பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி குத்துவதில் என் பாதி நாள் போய்விடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணம் முறிந்தது. பெரிய கதையெல்லாம் இல்லை, ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா தனியாக இருந்தார். அந்த இரண்டு அறை வீட்டில் அவரோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

நான் வந்த முதல் வாரமே என் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டதாம், புதுசு போடணுமாம். புதுசு வரவே இல்லை. நான் குளிக்கப் போனால் வெளியே இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "தண்ணி வருதாமா?" என்று குரல் கொடுப்பார். எங்கள் வீட்டில் தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை. இரவு நான் புரண்டு படுத்தால்கூடக் கூடத்தில் அவர் கட்டில் கிறீச்சிடும். எனக்கு எல்லாம் புரிந்தது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்கள் தங்களை ஏதாவது செய்துகொண்டதாக ஊரில் நாலு கதை உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. அழுதிருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன், ஒரு மாசம் தலை வாராமல் கிடந்திருக்கிறேன். அதோடு சரி. ஆனால் அவர் கேட்டால்தானே நான் இல்லை என்று சொல்ல முடியும்? அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

அப்புறம் எனக்கு நடக்கிற பைத்தியம் பிடித்தது. முதலில் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனேன், பிறகு பர்வதமலை ஏறினேன், பிறகு ஒருநாள் நேபாளம் போகப்போகிறேன், அதுவும் தனியாக, என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போ. ஆனா ஒண்ணு. எங்கியோ இருந்து எவனோ போன் பண்ணி, உன்னப் பத்தி எங்கிட்ட ஏதாச்சும் சொல்ற மாதிரி ஒருநாள் ஆச்சுன்னு வெச்சிக்கோ, அதோட நிறுத்திக்கணும். அப்புறம் தனியா எங்கியும் போவக்கூடாது. என்னால தாங்க முடியாது."

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதோடு நாங்கள் ஒரு முறையும் வகுத்துக்கொண்டோம். அப்பா சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் போய் வந்தவர். ஒரு ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பினால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டும், வண்டி முழுசாக வந்து சேர்ந்தால் திரும்பத் தகவல் வர வேண்டும். அவருக்கு உலகம் அப்படித்தான் நடக்கிறது. அதனால் நான் எந்த மலையில் கால் வைத்தாலும் "புறப்பட்டேன்" என்று ஒரு செய்தி, இறங்கியதும் "சேர்ந்தேன்" என்று ஒரு செய்தி. நேபாளத்தில் அது தவறவில்லை. அடுத்த வருஷம் வியட்நாமிலும் தவறவில்லை. மூன்றாவதாகத்தான் ஜப்பான் போனேன்.

ஒசாகாவில் நான் தங்கிய விடுதி ஒரு சந்துக்குள் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். நம் ஊர் மாதிரியே அங்கேயும் செருப்பு வாசலோடு சரி. ஆனால் நான் கழற்றிப் போடுகிற அழகைப் பார்த்து அந்த அம்மாள் நொந்துவிட்டார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. முதல் நாளே என் எதிரில் குனிந்து இரண்டையும் சேர்த்து, முனை வாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி, ஒரு கோடு போட்டாற்போல வைத்துக் காட்டினார். எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து எங்கே கழற்றினாலும் அதே மாதிரி வைக்கப் பழகினேன். காலுறையையும் மடித்து உள்ளே வைத்துவிடுவேன். ஊரில் அப்பா பார்த்திருந்தால் யார் வீட்டுப் பெண் என்று கேட்டிருப்பார்.

காலையில் சந்துமுனைக் கடையில் ஒரு பொட்டலம் சோறு வாங்கி, கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். பகலெல்லாம் நடை. கால் வலித்தால் ரயில் ஏறி, எங்கே போகிறது என்று பார்க்காமல் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்புவேன். சாயங்காலம் காசு போட்டால் துணி துவைக்கிற கடையில் என் சுடிதார் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஊரிலிருந்து கொண்டுபோன மல்லாட்டை உருண்டை, அதான் கடலை உருண்டை, கடிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவுக்கு ஒன்று கொடுத்தேன். தயங்கித் தயங்கி வாங்கித் தின்றவர் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது. இன்னொன்று கொடுத்தேன். முதல் எட்டு நாளும் இப்படித்தான் போனது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை அப்போது யோசிக்கக்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் மலைக்குப் போனேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம், பிறகு ஒரு சின்ன பேருந்து. பெரிய மலை இல்லை, போய் வர ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்று விடுதி அம்மாள் சொல்லியிருந்தார். அடிவாரத்தில் ஒரு அரிசிப் பலகாரக் கடை இருந்தது. அதைத் தாண்டி, மரத்தில் செய்த சிவப்பு வளைவு, இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல்விளக்குகள். அந்த மலையே சாமி என்று அறிவிப்புப் பலகையில் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. மலை ஏறுகிறவர்கள் பெயரையும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணையும் எழுதிப் போட வேண்டும். அடடா, இது நம் அப்பாவுக்குப் பிடித்த ஊராயிற்றே என்று நினைத்துக்கொண்டு, அவருடைய எண்ணை நாட்டு எண்ணோடு சேர்த்துத் தெளிவாக எழுதிப் போட்டேன். அவருக்குப் "புறப்பட்டேன்" என்று செய்தியும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன். மலையே சாமி என்று எழுதியிருக்கிறது. வாசல் மாதிரி வளைவு நிற்கிறது. மயிலம் மலையில் நான் ஒருநாளும் செருப்போடு ஏறியது கிடையாது. பர்வதமலையிலும் அப்படித்தான், மலை சுற்றும்போதும் அப்படித்தான். என் கால் யோசிக்கவே இல்லை. ஷூவைக் கழற்றினேன். பழகியபடி இரண்டையும் சேர்த்து, ஒழுங்காகத் திருப்பி வைத்தேன். காலுறையை மடித்து உள்ளே வைத்தேன். மழை வராது போலிருந்ததால் குடையையும் பக்கத்தில் சாய்த்தேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினேன்.

ஐப்பசி மாசத்துக் குளிர் உள்ளங்காலில் ஜில்லென்று ஏறியது. மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. கல் குத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அதெல்லாம் பழக்கம்தான். எதிரே இறங்கி வந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வயதான கணவன் மனைவி என் காலைக் காட்டி ஏதோ கேட்டார்கள். நான் மலை உச்சியைக் காட்டிக் கைகூப்பினேன். அவர்களும் பதறிப்போய்க் குனிந்து வணங்கினார்கள். நம்மைப் போலவே இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

உச்சியில் ஒரு கல் மேடையும் சின்ன மரக்கோயிலும் இருந்தன. கீழே வயல்கள் அறுப்பு முடிந்து கிடந்தன. போனில் சிக்னல் முதல் திருப்பத்திலேயே போய்விட்டிருந்தது. சோற்றுப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு வெயில் பட்ட கல்லில் காலை நீட்டிப் படுத்தேன். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான் படுத்தேன். எழுந்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. நான் வந்த வழியில் இறங்காமல், நன்றாக இருக்கிறதே என்று பின்பக்கப் பாதையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அதனால் என்னைத் தேடிக்கொண்டு மேலே ஏறியவர்கள் யார் கண்ணிலும் நான் படவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அடிவாரம் வந்தேன். வளைவுக்கு முன்னால் ஒரு போலீஸ் வண்டி, ஒரு தீயணைப்பு வண்டி, கயிற்றில் கட்டிய ஒரு நாய். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பிறகுதான் பார்த்தேன். என் ஷூவைச் சுற்றி நாலாபுறமும் நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காவல் நின்றார்.

பலகாரக் கடைக்கார அம்மாள்தான் என்னை முதலில் பார்த்தார். என் வெறும் காலைப் பார்த்தார். என்னமோ சொல்லிக்கொண்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போலீஸ்காரர் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுப் போனை என் காதில் வைத்தார். அந்தப் பெண் இங்கிலீஷில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். உயிரை விட முடிவு செய்தவர்கள் ஷூவை இப்படிச் சேர்த்து, ஒழுங்காக வைத்துவிட்டுப் போவார்கள் என்று இங்கே ஒரு எண்ணம் உண்டு. தனியாக வந்த வெளிநாட்டுப் பெண். மடித்த காலுறை. விட்டுப்போன குடை. கடைக்கார அம்மாள் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். வெறுங்காலோடு ஒரு பெண் உச்சியைக் காட்டிக் கும்பிட்டாள் என்று இறங்கி வந்த அந்த வயதான தம்பதியும் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க அப்பாவுக்குப் போன் பண்ணீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

பண்ணியிருந்தார்கள். பெட்டியில் போட்ட தாளைப் பிரித்து, இந்திய நேரம் காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினாள். "ஷூவை எடுத்துவிடாதீர்கள், அவள் இறங்கி வந்து அங்கேதான் தேடுவாள் என்று சொன்னார். அதனால் நாங்கள் அதைத் தொடவில்லை. ஆனாலும் தேடுவது எங்கள் கடமை" என்றாள்.

நான் அங்கிருந்த ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நாய்க்கு முன்னாலும் கேட்டேன். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும். கடைக்கார அம்மாள் என்னை முக்காலியில் உட்காரவைத்து, வெந்நீரில் நனைத்த துண்டால் என் காலைத் துடைக்க வந்தார். வேண்டாம், வேண்டாம் என்று காலை இழுத்தேன். அவர் விடவில்லை. அழுதுகொண்டே துடைத்தார், நானும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். குரல் கட்டிப்போயிருந்தது.

"சேர்ந்துட்டேன்பா" என்றேன்.

"ம். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அப்பா, இங்க..."

"தெரியும். ஷூவ போட்டுக்கினு ஜல்தி ரூமுக்குப் போ. இருட்டிடப் போவுது" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான். அழுதிருக்கிறார் என்று நினைத்தேன்.

ரயிலில் திரும்பும்போது இனிமேல் பார்க்க முடியாத மலைகளையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். எங்கியோ இருந்து எவனோ போன் பண்ணி. அதே வார்த்தை, அச்சு அசலாக நடந்திருக்கிறது. அதுவும் என்ன போன். காலை உடைத்துக்கொண்டாள், காய்ச்சலில் கிடக்கிறாள் என்று வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறு வருஷமாக அவர் எதற்குப் பயந்து தூங்காமல் கிடந்தாரோ, அதையே போலீஸ்காரர் வாயால் கேட்கவைத்துவிட்டேனே. போகட்டும், சத்தியம் சத்தியம்தான், இனி போக மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். மீதி இரண்டு நாளும் ஒசாகாவில் எந்தத் தெருவில் நடந்தேன் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்பா திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பழைய மொபெட்டில் வந்து பையை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் மரக்காணத்து மீன்காரம்மாவிடம் வாங்கிய வஞ்சிரம் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பேஜாராகிவிட்டது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நீ சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். இனிமே தனியா போவமாட்டேன். உன் கையில அடிச்சது எனக்கு மறக்கல."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "இன்னாத்துக்கு?" என்றார்.

"இன்னாத்துக்குன்னா? எவனோ போன் பண்ணானே. உங்கிட்ட அவங்க இன்னா கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும்பா."

அவர் இரண்டு காயை உரித்து என் கையில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

"ஒரு பொண்ணு பேசுச்சு. நல்ல மரியாதையா பேசுச்சு. ஷூ வெச்சிருந்த விதத்த சொல்லுச்சு. அப்புறம், 'உங்க மக சமீபத்துல மனசொடிஞ்சி இருந்தாங்களா, உயிர விட்டுடற எண்ணம் இருந்துச்சா?'ன்னு கேட்டுச்சு. ஆறு வருஷமா நான் எனக்குள்ளயே கேட்டுக்கினு கெடந்த கேள்விமா அது. இந்த ஊர்ல ஒருத்தரும் என்ன நேரா கேட்டதில்ல. நானும் உன்ன கேட்டதில்ல, பயம். அது கேட்டுச்சு. கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு வாயில வந்துடுச்சு. 'நோ, நோ. மை டாட்டர் ஹேப்பி'ன்னு சொல்லிட்டேன். 'எங்க ஊர்ல மலைக்குப் போனா அப்படித்தான், ஷூ கீழ இருக்கும், ஆளு மேல இருக்கும், வந்துடுவா, வெய்ட் பண்ணுங்க'ன்னேன்."

"உடனே அப்படித் தோணுச்சா உனக்கு?"

"தோணலமா. தெரிஞ்சுது. யோசிச்சிலாம் சொல்லல. சொன்னப்புறம்தான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. போன வெச்சிட்டு அப்படியே உக்காந்துக்கினு இருந்தேன். அட, இதுக்கா இத்தினி நாளு பயந்துக்கினு இருந்தோம்னு. ஒடம்பெல்லாம் விட்டுப்போச்சு. காலைல பத்து மணி இருக்கும். கட்டில்ல சாஞ்சேன். அப்புறம் நீ போன் பண்ணித்தான் எழுந்தேன்."

அவர் முறத்தைத் தட்டித் தோலைப் புடைக்க ஆரம்பித்தார். கட்டிப்போன அந்தக் குரல் அழுகை இல்லை, தூக்கம். ஒரு ஊரே நாயை அவிழ்த்துவிட்டு என் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் அப்பா நன்றாகத் தூங்கியிருக்கிறார்.